வேலைக்கு ஒரு வாசல்



உழைப்பும் கலையும் என்ற பொருளில் பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். மிகப் பெரிய பொருள் அது. ஒரு மாலைக்குள் அடங்காது. ஆகவே அதில் ஒரு சின்ன இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வேலை செய்யும் இடத்தின் வாசல். காலையில் உள்ளே போகிற, மாலையில் வெளியே வருகிற அந்த வாசல். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாட்டுக் கலைஞர்கள் அந்த வாசலுக்கு முன்னால் கேமராவோடு நின்றிருக்கிறார்கள். சில சமயம் நாடு கடந்து கைகோத்தும் நின்றிருக்கிறார்கள். அவர்கள் எதைப் பார்த்தார்கள், அவர்கள் கண்ணுக்கு எது தப்பும், தப்பியதை யார் காட்டுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

1. லியோன் நகரத்துக் கதவு

1895ஆம் ஆண்டு. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரம். அங்கே லூமியேர் குடும்பத்துக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. ஒளிப்படம் எடுப்பதற்கான கண்ணாடித் தகடுகளைச் செய்யும் தொழிற்சாலை. அதன் வாசலுக்கு எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். கதவு திறக்கிறது. தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். பெரும்பாலானோர் பெண்கள். நீண்ட பாவாடை, தலையில் தொப்பி. சில ஆண்கள் சைக்கிளில் வருகிறார்கள். ஒரு நாய் ஓடுகிறது. ஒரு நிமிடம்கூட ஆகாது, படம் முடிந்துவிடும். அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிஸில் கட்டணம் வாங்கித் திரையிட்ட முதல் காட்சியில் இந்தப் படம் இருந்தது. சினிமாவின் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவதுதான் வழக்கம்.

உலக சினிமாவின் தொடக்கத்திலேயே தொழிலாளி இருக்கிறார் என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கேமரா முதலாளியுடையது. தன் ஆலையில் வேலை செய்கிறவர்களைத் தன் புதுக் கருவியால் அவர் படம் பிடிக்கிறார். இந்தப் படத்துக்கு மூன்று வடிவங்கள் இன்று கிடைக்கின்றன. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி வருகிறது, ஒன்றில் இரட்டைக் குதிரை வண்டி, ஒன்றில் குதிரையே இல்லை. அதாவது, மறுபடியும் மறுபடியும் தொழிலாளர்களை நடக்கச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். வேலையை விட்டு வெளியே வருவதும் அவர்களுக்கு இன்னொரு வேலையாகியிருக்கிறது.

இரண்டாவது, வேலை படத்தில் இல்லை. கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. வேலை முடிந்த பிறகுதான் கேமரா அவர்களைப் பார்க்கிறது. அதற்குப் பின் வந்த சினிமாவும் பெரும்பாலும் அப்படித்தான். நாயகன் ஆலையில் வேலை செய்வார். ஆனால் கதை சங்கு ஊதியபின், வாசலுக்கு வெளியேதான் நடக்கும்.

2. கதவைத் தாண்டிப் போனவர்கள்

கதவைத் தாண்டி உள்ளே போக முயன்றவர்களும் இருந்தார்கள். யோரிஸ் இவென்ஸ் நெதர்லாந்துக்காரர். ஆன்ரி ஸ்டோர்க் பெல்ஜியக்காரர். பெல்ஜியத்தின் பொரினாஜ் பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 1932இல் பெரிய வேலைநிறுத்தம் நடத்தித் தோற்றார்கள். அடுத்த ஆண்டு இந்த இருவரும் அங்கே போய், அதிகாரிகள் கண்ணில் படாமல் படம் எடுத்தார்கள். கரி வெட்டியவர் வீட்டில் அடுப்பெரிக்கக் கரி இல்லை. கழிவு மேட்டில் துண்டுக் கரி பொறுக்குகிறார்கள். கடனுக்காக வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்ய அமீனா வருகிறார். உடனே அக்கம்பக்கத்தார் வந்து நாற்காலி, கட்டில், மேசை என்று எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்துகொள்கிறார்கள். உட்கார்ந்திருக்கிறவரைத் தூக்கிவிட்டு நாற்காலியை எடுக்க முடியாது. எவ்வளவு எளிமையான போராட்டம் பாருங்கள்.

இன்னொரு சம்பவமும் அந்தப் படப்பிடிப்பில் நடந்தது. முன்பு நடந்த ஓர் ஊர்வலத்தைப் படத்துக்காக மறுபடி நடத்தச் சொன்னார்கள். மார்க்ஸ் படத்தைத் தூக்கிக்கொண்டு சிலர் நடந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த மக்கள் தாங்களும் சேர்ந்துகொண்டார்கள். நடிப்பாகத் தொடங்கியது உண்மையான ஊர்வலமாகிவிட்டது. லியோனிலும் தொழிலாளர்களை நடக்கச் சொன்னார்கள், பொரினாஜிலும் நடக்கச் சொன்னார்கள். முன்னதில் முதலாளிக்காக நடந்தார்கள், பின்னதில் தங்களுக்காக நடந்தார்கள்.

இவென்ஸ் 1946இல் ஆஸ்திரேலியாவில் எடுத்த இன்னொரு படமும் நாம் அறிய வேண்டியது. இந்தோனேசியா விடுதலையை அறிவித்திருந்த நேரம். அதை மீண்டும் பிடிக்க டச்சு அரசு ஆயுதங்களோடு கப்பல்களை அனுப்பப் பார்த்தது. ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் அந்தக் கப்பல்களைத் தொட மறுத்தார்கள். ஒரு கப்பலில் இந்திய மாலுமிகள் இருந்தார்கள். கப்பல் புறப்பட்டும் விட்டது. போராட்டக்காரர்கள் ஒரு படகில் துரத்திப் போய், ஒலிபெருக்கியில் அந்த மாலுமிகளை அழைத்தார்கள். மாலுமிகள் வேலையை நிறுத்தினார்கள். கப்பல் திரும்பியது. படத்தில் இது மறுபடி நடத்திக் காட்டப்பட்ட காட்சி. நடுக்கடலில் ஏது வாசல்? அந்த மாலுமிகள் வேலையை நிறுத்தித் தங்களுக்கு ஒரு வாசலை உண்டாக்கிக்கொண்டார்கள். டச்சு அரசின் திரைப்படப் பதவியில் இருந்த இவென்ஸ் இதற்காகவே அந்தப் பதவியை உதறினார்.

3. ஆறு நதிகளும் ஒரு குளமும்

1953 அக்டோபரில் வியன்னா நகரில் உலகத் தொழிற்சங்க சம்மேளனத்தின் மாநாடு நடந்தது. அதை ஒட்டி இவென்ஸ் ஒரு பெரும்படத்தை உருவாக்கினார். 1954இல் கிழக்கு ஜெர்மனியின் டெஃபா நிறுவனம் வெளியிட்டது. பெயர் ‘நதிகளின் பாட்டு’. மிசிசிப்பி, அமேசான், நைல், யாங்சி, வோல்கா, கங்கை என்று ஆறு நதிகள். அந்தக் கரைகளில் உழைக்கிற மக்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கேமராக்காரர்கள் எடுத்த துண்டுகளைச் சேர்த்துத் தைத்த படம் அது. பாட்டு பெர்தோல்ட் பிரெக்ட். இசை சோவியத் நாட்டு ஷோஸ்டகோவிச். பாடியவர் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன்.

ரோப்சனின் தந்தை அடிமையாகப் பிறந்து, தப்பித்து வந்தவர். அமெரிக்க அரசு 1950இல் ரோப்சனின் கடவுச்சீட்டைப் பறித்துவிட்டது. 1958 வரை திருப்பித் தரவில்லை. அவரால் நாட்டை விட்டு வெளியேற முடியாது. ஆகவே நியூயார்க்கில் தன் அண்ணன் வீட்டில் வைத்தே அந்தப் பாட்டைப் பதிவு செய்து அனுப்பினார். நாடு கடந்த கூட்டுப்படைப்பு என்று இன்று எளிதாகச் சொல்கிறோம். எல்லை கடக்க முடியாமல் அடைக்கப்பட்ட ஒருவரின் குரல் அவரில்லாமல் எல்லை கடந்து போன கதை இது. தலித் இலக்கியம் கறுப்பின இலக்கியத்திடமிருந்து எவ்வளவோ பெற்றிருக்கிறது. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்.

இந்தப் படத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு கேள்வியும் உண்டு. எல்லா நதிகளும் ஒரே கடலில் சேர்வதுபோல எல்லாத் தொழிலாளர்களும் ஒன்று என்பது படத்தின் அடிப்படை உருவகம். நம் அனுபவம் என்ன? 1927 மார்ச் 20 அன்று மகத் நகரில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துக்கொண்டு சவுதார் குளத்துக்கு நடந்தார். எதற்கு? தண்ணீர் குடிக்க. நதி எல்லோருக்கும் பொது என்று ஐரோப்பாவில் ஒரு கலைஞர் இயல்பாக நினைக்க முடியும். ஒரு குளத்து நீரை அள்ளிக் குடிப்பதே போராட்டமாக இருந்த மண் இது.

அதே 1953இல் சென்னை மாநிலத்தில் என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். முதலமைச்சர் ராஜாஜி ஒரு கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். குழந்தைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும், மீதி நேரம் வீட்டில் அப்பாவின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குச் சரியான பெயர் வைத்தார்கள். கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் ராஜாஜி விலகினார், திட்டமும் போனது. வியன்னாவில் உலகத் தொழிலாளர்கள் கூடிய ஆண்டில், இங்கே ஒரு தொழிலாளியின் பிள்ளை அப்பாவின் வேலைக்குள் தள்ளப்பட இருந்தது. அந்த வேலைக்குப் போகும் வழி பிறப்பிலேயே திறந்திருந்தது. வெளியே வரும் வழியைத்தான் காணோம்.

4. ஒரே ஷாட்டில் உழைப்பு

இனி நம் காலத்துக்கு வருகிறேன். ஹாருன் ஃபரோக்கி 1944இல் பிறந்த ஜெர்மன் திரைக் கலைஞர். அவருடைய தந்தை இந்தியர். சிறுவயதில் சில ஆண்டுகளை இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் கழித்தவர். சினிமாவுக்கு நூறு வயது நிறைந்த 1995இல் லூமியேர் படத்தின் பெயரிலேயே ‘தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியேறுகிறார்கள்’ என்று ஒரு படம் செய்தார். நூறு ஆண்டுகளில் சினிமா பதிவு செய்த ஆலை வாசல்களைத் தேடிச் சேர்த்து அடுக்கினார். அடுக்கியபின் தெரிந்தது, ஆலை வாசல் வெறும் வழி இல்லை என்று. வேலைநிறுத்தம் நடக்கும் இடம் அதுதான். கதவடைப்பும் அங்கேதான். காவலர்கள் நிற்பதும், கண்காணிப்புக் கேமரா பொருத்தப்படுவதும் அங்கேதான். உள்ளே தனித்தனியாக உழைக்கிறவர்கள் வாசலில்தான் ஒரு கூட்டமாகத் தெரிகிறார்கள். வாசலைத் தாண்டிப் பத்தடி போனால் கலைந்துவிடுகிறார்கள்.

2009இல் அவர் செங்கல்லைப் பற்றி ஒரு படம் எடுத்தார். ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோவின் ஒரு கிராமத்தில் ஊரே கூடிக் கல் அறுத்துக் கட்டுகிறது. இந்தியாவில் கையால் அறுத்துத் தலையில் சுமக்கிறார்கள். ஐரோப்பாவில் இயந்திரம் கொட்டுகிறது, சுவிட்சர்லாந்தில் ஒரு ரோபோ கை கல் அடுக்குகிறது. விளக்கக் குரல் கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

2011இல் அவரும் அவருடைய துணைவி அன்ட்யே ஏமானும் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயருக்கு ‘ஒரே ஷாட்டில் உழைப்பு’ என்று பொருள். பதினைந்து நகரங்களில் பட்டறை நடத்தினார்கள். பெங்களூர், ஹனோய், ஹாங்சோ, கெய்ரோ, ஜோகன்னஸ்பர்க், மெக்சிகோ நகரம், ரியோ, புவனஸ் அயர்ஸ், மாஸ்கோ, லோட்ஸ், லிஸ்பன், ஜெனீவா, டெல் அவிவ், பாஸ்டன், பெர்லின். ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர் இளம் கலைஞர்களே படம் எடுத்தார்கள். விதி எளிமையானது. பொருள் உழைப்பாக இருக்க வேண்டும். கூலி உள்ள வேலையோ, இல்லாத வேலையோ, பழைய தொழிலோ, புதுத் தொழிலோ எதுவானாலும் சரி. ஒன்று அல்லது இரண்டு நிமிடம். கேமரா அசையலாம், ஆனால் வெட்டக் கூடாது. லூமியேர் காலத்து வழக்கத்தையே விதியாக்கினார்கள். அதோடு ஒவ்வொரு நகரத்திலும் தொழிலாளர்கள் வேலையிடத்தை விட்டு வெளியே வரும் காட்சியை மறுபடி எடுத்தார்கள்.

வெட்டக் கூடாது என்ற விதியில் ஒரு நேர்மை இருக்கிறது. வெட்டினால் சலிப்பை மறைக்கலாம். அலுப்பைப் பாட்டுப் போட்டு மூடலாம். ஒரே ஷாட் என்றால், குனிந்து பெருக்குகிறவர் குனிந்திருக்கும் நேரம் முழுக்க நீங்களும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் நிமிரும்போதுதான் உங்களுக்கும் மூச்சு வரும்.

இந்தத் திட்டத்தின் ஜெர்மன் பெயரில் உள்ள ‘ஐன்ஷ்டெல்லுங்’ என்ற சொல்லுக்கு ஷாட் என்றும் பொருள், மனப்பான்மை என்றும் பொருள். உழைப்பை ஒரு ஷாட்டாக எடுப்பதும் உழைப்பின் மேல் ஒரு நிலைப்பாடு எடுப்பதும் ஒன்றுதான் என்று அந்தப் பெயர் சொல்கிறது. அதே சொல்லுக்கு ஆளை வேலைக்கு எடுப்பது என்றும் பொருள் உண்டு, ஒன்றை நிறுத்துவது என்றும் பொருள் உண்டு. ஒரு தொழிலாளியின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

2014 ஜூலை 30 அன்று ஃபரோக்கி மறைந்தார். அடுத்த ஆண்டு பெர்லினில் இந்தப் படங்களின் பெரிய கண்காட்சி நடந்தது. அதே 2015இல் வெனிஸ் நகரத்து உலகக் கலைக் கண்காட்சியிலும் இவை காட்டப்பட்டன. அதை நடத்தியவர் நைஜீரியாவில் பிறந்த ஒக்வுய் என்வேசோர். அந்தக் கண்காட்சியின் நடுக்கூடத்தில் மார்க்ஸின் ‘மூலதனம்’ நாள்தோறும் வாசிக்கப்பட்டது. ஏமான் பிறகு வேறு நகரங்களுக்கும் திட்டத்தைக் கொண்டுபோனார்.

இந்தச் சிறு படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. மாணவர்கள் பார்க்க வேண்டும். நகரம் வாரியாகவும் வேலை வாரியாகவும் நிறம் வாரியாகவும்கூட அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க ஒன்று தெரிகிறது. லூமியேர் காலத்து வாசல் நகரங்களிலிருந்து மறைந்துகொண்டிருக்கிறது. உழைப்பு தெருவில், நடைபாதையில், வீட்டுக்குள், கணினித் திரைக்கு முன்னால், வண்டியின் மேல் சிதறிக் கிடக்கிறது. எங்கே வேலை தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடிவதில்லை. உலகம் இதைப் புதிய மாற்றம் என்று சொல்கிறது. நமக்கு இது புதிதா?

5. கேமராவில் விழாத பிரிவினை

1936இல் லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் ஓர் உரை எழுதினார். அழைத்தவர்களே பயந்து மாநாட்டை ரத்து செய்தார்கள். பேசப்படாத அந்த உரைதான் ‘சாதி ஒழிப்பு’ நூலாக நம் கையில் இருக்கிறது. சாதி என்பது வேலையைப் பிரிக்கும் ஏற்பாடு மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கும் ஏற்பாடு என்று அதில் அவர் காட்டினார். எந்தக் கேமராவானாலும் வேலைப் பிரிவினையைக் காட்டிவிடலாம். இவர் பெருக்குகிறார், அவர் சமைக்கிறார் என்று தெரிந்துவிடும். ஆட்களின் பிரிவினையைக் காட்டுவது கடினம். பெங்களூர்த் தெருவைப் பெருக்கும் பெண்ணை இரண்டு நிமிடம் வெட்டாமல் எடுக்கலாம். லிஸ்பன் தெருவைப் பெருக்குகிறவரையும் அப்படியே எடுக்கலாம். இரண்டு துடைப்பங்களும் ஒரே மாதிரித்தான் அசையும். அந்தப் பெண்ணின் தாயும் பாட்டியும் இதையே செய்தார்கள் என்பதும், அவருடைய மகளுக்கும் இதே வேலையைத்தான் ஊர் எடுத்து வைத்திருக்கிறது என்பதும் இரண்டு நிமிட ஷாட்டில் வராது. அதை எடுக்க மூன்று தலைமுறை நீளமுள்ள ஷாட் வேண்டும்.

இந்தக் கலைஞர்களைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த கோணம் நேர்மையானது. ஆனால் ஆலைத் தொழிலாளியின் உழைப்புக்கு ஒரு வாசல் இருக்கிறது என்பது அவர்களுடைய தொடக்கப்புள்ளி. சங்கு ஊதினால் அவர் வெளியே வந்துவிடுவார், வந்தபின் அவர் ஒரு நகரவாசி. சாதி விதித்த வேலைக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. சாவு விழுந்த வீட்டில் பறையடிக்க வேண்டும், சேதி சொல்லப் போக வேண்டும், செத்த மாட்டைத் தூக்க வேண்டும், சுடுகாட்டில் குழி வெட்ட வேண்டும். இதற்கெல்லாம் நேரம் ஏது? நள்ளிரவில் கூப்பிட்டாலும் போக வேண்டும். வேலை முடிந்தபின்னும் வேலை ஆளை விடாது. தெருவின் பெயராக, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழாக, தேநீர்க் கடையின் தனிக் குவளையாகக் கூடவே வரும். தொழிலாளி என்ற சொல் நமக்கு எளிதாகக் கிடைக்கவில்லை. வெட்டியான், தோட்டி என்று தொழிலையே ஆளின் பெயராக்கிக் கூப்பிட்டார்கள்.

6. தங்கவயலின் மாலைப்பொழுது

பட்டறை நடந்த பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர் கிழக்கே கோலார் தங்கவயல் இருக்கிறது. உழைப்பின் மாற்றத்தைப் பற்றி நமக்குச் சொந்தமான பாடம் அங்கேதான் இருக்கிறது.

1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டியது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்தும் நம் மக்கள் சாரை சாரையாகப் போனார்கள். பெரும்பாலோர் ஆதிதிராவிடர். சுரங்கம் பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. உள்ளே கொதிக்கும் வெப்பம், பாறை வெடிப்பு, நுரையீரலைத் தின்னும் கல்தூசு. பூமிக்கு மேலே பங்களாக்களில் வெள்ளைக்காரர்கள். இதெல்லாம் தெரிந்தும் ஏன் போனார்கள்? ஊரில் இருந்த வேலைக்கு வாசல் இல்லை. சுரங்கத்துக்கு இருந்தது. உள்ளே இறங்கும் நேரம் என்று ஒன்று, ஏறி வரும் நேரம் என்று ஒன்று. கூலி நெல்லாக அல்ல, காசாக. ஷிஃப்ட் முடிந்தபின் எந்த ஆண்டையும் கூப்பிட முடியாது.

அந்த வாசலும் சும்மா திறந்துவிடவில்லை. தங்கம் கடத்துகிறார்கள் என்று சொல்லி உடம்பைச் சோதித்தார்கள். கைரேகை பதிய வேண்டும் என்றார்கள். குற்றப்பரம்பரைச் சட்டத்தின் ரேகைப் பதிவைத் தமிழ்நாடு அறியும். அதே அவமானத்தைச் சுரங்க வாசலில் கொண்டுவந்தபோது 1930இல் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்காக மட்டும் போராடியவர்கள் இல்லை அவர்கள். எங்களைக் குற்றவாளிகளாகப் பார்க்காதே என்பதற்காகவும் போராடியவர்கள்.

வாசல் அவர்களுக்கு ஒரு மாலைப்பொழுதைத் தந்தது. அந்த மாலையை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு மிக முக்கியம். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் சென்னையில் ‘தமிழன்’ இதழைத் தொடங்கினார். அந்த இதழை வாங்கிப் படித்தவர்களில், அதைத் தாங்கியவர்களில் தங்கவயல்காரர்கள் முன்னணியில் இருந்தார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கட்டினார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தபின் அவருடைய எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக் காத்தது தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை. பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் மாலையில் அச்சுக்கோத்தார்கள், வாசித்தார்கள், விவாதித்தார்கள். இன்று ஆய்வாளர்கள் அயோத்திதாசரைப் பற்றிப் பேச முடிகிறது என்றால் அதில் அந்த மாலைப்பொழுதுக்குப் பங்கு உண்டு. தலித் இலக்கியம் எங்கே பிறந்தது என்று கேட்டால், வேலையின் வாசலைத் தாண்டி வெளியே வந்த மனிதருக்குக் கிடைத்த சில மணி நேரத்தில் பிறந்தது என்று நான் சொல்வேன்.

2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. ஒரு நூற்றாண்டு உழைப்பின் மிச்சமாகச் சயனைடு கலந்த மண்மேடுகள் மலைபோல நிற்கின்றன. அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் விடியும் முன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போகிறார்கள். காவலாளியாக, கட்டட வேலையாளாக, கடைச் சிப்பந்தியாக, அலுவலக ஊழியராக உழைத்துவிட்டு இரவு திரும்புகிறார்கள். அந்த ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், நின்றுகொண்டே தூங்குகிறவர்களை. வேலை எட்டு மணி நேரம் என்றாலும் வேலைக்குப் போய்வர இன்னொரு அரைநாள் போகிறது. தாத்தாவுக்கு மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து ஏறி வந்தபின் ஒரு மாலை இருந்தது. பேரனுக்கு அந்த மாலை ரயிலிலேயே கரைந்துவிடுகிறது.

7. கேமரா இப்போது யார் கையில்?

வாசல் எல்லா இடத்திலும் மூடிக்கொண்டு வருகிறது. துப்புரவுப் பணி நிரந்தர வேலையாக இருந்தது, ஒப்பந்த வேலையானது. பெங்களூர்த் துப்புரவுப் பெண்கள் 2022 ஜூலையில் பணி நிரந்தரம் கேட்டு வேலையை நிறுத்தித் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞருக்கு அலுவலகமும் இல்லை, வாசலும் இல்லை. கைப்பேசிதான் அவருக்கு மேஸ்திரி. வாசல் இல்லை என்றால் கூடி நிற்க இடமில்லை. சங்கம் வைப்பது எங்கே?

மலக்குழி வேலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். குழியில் இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சாவுக்கு விலை ஏறியிருக்கிறது. சாவு நிற்கவில்லை.

இதைக் காட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2003இல் அமுதன் மதுரையில் ஒரு தெருவைச் சுத்தம் செய்யும் பெண்ணின் வேலையை ‘பீ’ என்ற ஆவணப்படமாக எடுத்தார். அந்தப் பெண் வேலை செய்துகொண்டே பேசுகிறார், திட்டுகிறார், கேட்கிறார். 2017இல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ தமிழ்நாடு முழுக்க அலைந்து, சாதியின் பெயரைச் சொல்லியே கேள்வி கேட்டது. அதில் ஒளிப்பதிவு செய்த பழனிகுமார் தொடர்ந்து துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வையும் இழவு வீடுகளையும் ஒளிப்படங்களாக்கி வருகிறார். அந்த வீடுகளின் பிள்ளைகளுக்கும் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். லியோனில் முதலாளி கையில் தொடங்கிய கேமரா, இரக்கமுள்ள கலைஞர்கள் கையைத் தாண்டி, உழைக்கிறவரின் பிள்ளை கைக்கு வந்து சேர நூற்றிருபது ஆண்டுக்கும் மேல் ஆகியிருக்கிறது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபரோக்கியும் ஏமானும் வைத்த விதியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம், ஒரே ஷாட், வெட்டக் கூடாது. இன்று எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. உங்கள் அம்மாவின் வேலையை, அண்ணனின் வேலையை எடுங்கள். எடுக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள். எடுத்தபின் அவர்களுக்குக் காட்டுங்கள். அதோடு நம்முடைய விதி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தின் கடைசியில் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்த வேலையிலிருந்து எப்போது, எந்த வழியாக வெளியே வருவீர்கள்? பதிலை வெட்டாமல் வையுங்கள். அவர்கள் பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தையும் வெட்டாதீர்கள். அந்தப் படங்களை ஹனோய்க்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் ரியோவுக்கும் அனுப்புவோம். உலகத் தொழிலாளர்கள் ஒன்று என்று அவர்கள் சொன்னார்கள். ஒன்றாவதற்கு முன் எங்கள் வீட்டில் உள்ள இந்தப் பூட்டை நீங்களும் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்வோம்.

நாம் இங்கே நினைவுகூரும் முன்னோர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வாசலைத் திறந்துவிட்டுப் போனவர்கள். பண்டிதரின் எழுத்தைக் காத்த தங்கவயல் அச்சுக்கோப்பாளர்களில் பலரின் பெயர்கூட நமக்கு எஞ்சவில்லை. பகல் வேலை முடித்து, கை கழுவி, அச்செழுத்துப் பெட்டியின் முன் உட்கார்ந்த அவர்களுக்கு இந்த உரையைக் காணிக்கையாக்கி முடித்துக்கொள்கிறேன்.

ஜெய்பீம்.